தண்ணீருக்கு வழி காட்டுதல்: குடும்பிமலைப் பாதையில் நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழக்கிழமை

கிரான் சந்தியில் காலை ஆறரைக்குக் கூடுவதென்று சொல்லியிருந்தும், 14 பேரும் வந்து சேர ஏழேகால் ஆயிற்று. மட்டக்களப்பு நகரத்தவர்கள் வேனிலும், ஓட்டமாவடியிலிருந்து இருவர் மோட்டார் சைக்கிளிலும், கல்குடாவிலிருந்து மீன்பிடிப் படகுக்காரரான சம்மாட்டியார் பஸ்ஸிலுமாக வந்து இறங்கினார்கள். மாதம் ஒருமுறை எங்கேனும் நடப்பது எங்கள் குழுவின் வழக்கம். இம்முறை வந்தது நடப்பதற்கல்ல; சென்ற மாரியில் அரித்துப்போன மலைப்பாதையை, அடுத்த மாரி தொடங்குமுன் செப்பனிட்டுவிடலாம் என்று போயா விடுமுறையையும் வார இறுதியையும் சேர்த்து நான்கு நாட்களை ஒதுக்கிக்கொண்டோம்.

புரட்டாசி மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் காட்டுக்குள் குனிந்து நின்று மண் வெட்டுவது புத்திசாலித்தனமல்ல, ஏனெனில் அந்தப் பழங்கள் நம்மைவிடக் கரடிக்குப் பிரியமானவை. பாலை மரத்தடியில் தலையைத் தாழ்த்தித் தின்றுகொண்டிருக்கும் கரடிக்கு நாம் வருவது கேட்பதில்லை. மிக அருகில் திடீரென்று நம்மைக் கண்டால் அது ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்துவிடுகிறது. பழக்காலம் முடிந்து, கச்சான் காற்றும் ஓய்ந்துவரும் இந்த இடைவெளிதான் வேலைக்கு ஏற்றது.

கிரானிலிருந்து மேற்கே புலிபாய்ந்தகல் வரை வேனில் சென்றோம். மாரி காலத்தில் வெள்ளம் இந்த வீதியை மூடிவிடும். அப்போது அக்கரைச் சனங்களுக்குத் தோணிதான் வாகனம். இன்றோ தூசி முழங்கால் வரை எழும்பியது. அதன் பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, வயல் வெளிகளும் பற்றைக் காடுகளும் மாட்டுப் பட்டிகளும் மாறி மாறி வந்த பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கியபடி சென்றோம். அலவாங்குகள் (கடப்பாரைகள்) நான்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எழுப்பிய சத்தத்தில் எவரும் எவருடனும் பேச முடியவில்லை. அவற்றைச் சாக்கால் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும் என்று இறங்கிய பிறகுதான் தோன்றியது.

மலை வெகு தூரத்திலேயே தெரியத் தொடங்கிவிடுகிறது. உயரம் 500 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. மலைநாட்டுக்காரர் இதை மலை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம் கிடக்க, நடுவில் தனியாக எழுந்து நிற்பதால் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. உச்சந்தலையில் முடிந்த குடுமியை எங்கள் பக்கத்தில் குடும்பி என்போம். அந்த உருவம்தான் தமிழ்ப் பெயர். சிங்களத்தில் இது தொப்பிகல, அதாவது தொப்பிக் கல். ஆங்கிலேயர் தங்கள் வரைபடத்தில் பிரபுவின் தொப்பி என்று பொருள்படப் பாரன்ஸ் கேப் என்று எழுதிக்கொண்டார்கள். இருவர் தொப்பியைக் கண்ட இடத்தில் நாம் தலைமயிரைக் கண்டிருக்கிறோம்.

2007 ஜூலையில், போரில் இராணுவம் இதைப் புலிகளிடமிருந்து கைப்பற்றியபோது, இந்த மலையின் பெயர் எல்லா நாளிதழ்களின் முதற்பக்கத்திலும் வந்தது. அதைப் பற்றி எங்களுள் ஒவ்வொருவருக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தாலும், வழியில் எவரும் சொல்லவில்லை. கண்ணிவெடி அகற்றும் பணி முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் வெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மண்ணில் காணும் எந்த இரும்பையும் கையால் தொடக்கூடாது, அலவாங்கு போடுமுன் அந்த இடத்தைக் கண்ணால் ஒருமுறை துழாவ வேண்டும் என்ற விதியை நாங்கள் மாற்றவில்லை.

மாலை, காய்ந்த ஓடையொன்றின் கரையில் மருத மரத்தடியில் கூடாரம் அடித்தோம். ஓடையின் மடுவொன்றில் மட்டும் தண்ணீர் நின்றது. இரவுச் சாப்பாடு சோறும், கருவாட்டுக் குழம்பும், தேங்காய்ச் சம்பலும். எட்டரைக்கெல்லாம் எல்லாரும் உறங்கிவிட்டார்கள்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

பாதையைக் கெடுப்பது மனிதக் கால்கள் என்றுதான் நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அது அரைகுறை உண்மை என்பதை இன்று விதானையார் காட்டித்தந்தார்.

அவர் முன்னர் வட்டவிதானையாக இருந்தவர். வயலுக்கு எந்த நாளில் எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று தீர்த்துவைப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. அடிவாரத்திலிருந்து மேலேறும் முதல் பகுதியில், ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்குப் பாதை முழங்காலளவு ஆழமான பள்ளமாகக் கிடந்தது. அதில் நடக்க முடியாமல் பலரும் ஓரமாக ஏறி நடந்ததில் பக்கத்தில் இரண்டாவது தடமும், அதுவும் பள்ளமாகி மூன்றாவது தடமும் உண்டாகியிருந்தன. விதானையார் பள்ளத்தினுள் குந்தியிருந்து, அடியில் வரிவரியாகப் படிந்திருந்த குறுமணலை விரலால் கீறிப் பார்த்துவிட்டு, இது பாதையில்லை, வாய்க்கால் என்றார்.

விளக்கினால் எளிது. மாட்டின் குளம்பும் நமது காலணியும் மண்ணை இறுக்குகின்றன. இறுகிய மண் மழைநீரைக் குடிப்பதில்லை. சுற்றியுள்ள நிலத்தைவிட அந்தத் தடம் ஓரிரு அங்குலம் தாழ்ந்துவிடுவதால் மேலிருந்து வரும் நீர் அதற்குள் இறங்கிக்கொள்கிறது. இறங்கிய நீர் வேகம் பிடித்து மண்ணைக் கொண்டுபோக, அடுத்த மழைக்கு அந்த வாய்க்கால் இன்னும் சற்று ஆழமாக, இன்னும் சற்று வசதியாக இருக்கிறது. கால் தொடங்கிவைக்கிறது, தண்ணீர் முடித்துவைக்கிறது. ஆகவே செப்பனிடுதல் என்பது பள்ளத்தை மண்ணால் நிரப்புவதல்ல. நிரப்பினால் முதல் மழையே அதை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தண்ணீர் பாதையில் நீண்ட தூரம் ஓடிப் பலம் பெறுமுன், இடைக்கிடையே அதைப் பக்கத்துக்கு இறக்கிவிடுவதுதான் வேலை.

அதற்கு இரண்டு உபாயங்கள் உள்ளன. சரிவின் குறுக்கே செல்லும் பாதையாயின், அதன் மேற்பரப்பைப் பள்ளப் பக்கமாக 100க்கு 5 என்ற அளவில் மெல்லச் சாய்த்துவிட்டால் நீர் தங்காமல் வழிந்துவிடும். நேரே மேலேறும் பாதையாயின், குறுக்கே கல் பதிக்க வேண்டும். முதற்கல்லைப் பதிக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று பேர் சேர்ந்து உருட்டிவந்த நீளமான கல்லொன்றை, அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கத்தக்கதாகக் குழி வெட்டி, சிறு கற்களை இடுக்கில் அடித்து இறுக்கி, ஏறி நின்று குதித்தும் பார்த்தேன். அசையவில்லை. பாதைக்கு நேர் குறுக்காக, நூல் பிடித்ததுபோல் நின்றது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

விதானையார் எதுவும் சொல்லாமல் கூடாரப் பக்கம் போய், மதியச் சமையலுக்கு அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் ஏந்தி வந்தார். குடிதண்ணீரை வீணாக்காமலும், ஓடும் வழி வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும்படியும் அவர் கண்டுபிடித்த சோதனை அது. கல்லுக்கு நான்கு முழம் மேலே நின்று வாளியைச் சரித்தார். வெண்ணிறமான நீர் செம்மண்ணில் நெளிந்து இறங்கி வந்தது. கல்லைத் தொட்டதும் நின்றது. கொஞ்ச நேரம் குளமாகத் தேங்கியது. பின்பு கல்லின் இடது முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பாதைக்கே இறங்கி, முன்னைவிட விரைவாகக் கீழே ஓடிற்று. முனையில் இருந்த மண் அந்த ஒரு வாளிக்கே கரைந்து கல்லின் பக்கம் வெளியே தெரிந்தது.

"நீங்க தண்ணிய மறிச்சிருக்கீங்க மகன்," என்றார். "மறிச்சா அது நமக்கு எதிரி. வழி காட்டிவிட்டா தன்ட பாட்டுல போகும்."

கல்லைத் தோண்டி எடுக்க, பதிப்பதற்குச் செலவான நேரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. இரண்டாம் முறை, பாதைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாக வைத்தோம். கீழ்முனை பாதையின் ஓரத்தைத் தாண்டி ஒரு முழம் நீள, அந்த முனைக்கு எதிரே வேர்களையும் சருகையும் அகற்றி, நீர் போய் விழுந்து பரவுவதற்கு விசிறிபோல ஒரு வாயும் வெட்டிவிட்டோம். குளத்துக்கு மிகுநீர் வழியும் வான் எப்படியோ, பாதைக்கு அந்த வாய் அப்படி. அது அடைபட்டால் கல் இருந்தும் பயனில்லை. மாலை அரிசி கழுவிய தண்ணீர் கல்லைத் தொட்டுச் சாய்ந்து, வாயால் வெளியேறி, சருகுக்குள் மறைந்தபோது ஓட்டமாவடி நானா கைதட்டினார். அந்தப் பகுதியில் இன்று ஐந்து கற்கள் பதித்தோம். அளவுக்கு மேல் நிமிர்ந்து நின்ற இரண்டை மீண்டும் தாழ்த்தினோம்.

தாழ்த்தச் சொன்னவர் பக்கத்துப் பட்டிக்காரர். தயிர்ச் சட்டியுடன் எங்களைப் பார்க்க வந்தவர், கற்களைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு எழும்பி நின்றால் மாடு இடறும், இடறின மாடு அடுத்த நாள் கல்லைச் சுற்றித்தான் போகும், அப்படிச் சுற்றிப் போனால் உங்களுக்குப் புதுப் பாதை கிடைக்கும் என்றார். நாங்கள் வைத்திருந்த வரைபடத்தில் மாடு இல்லை. மனிதன் மட்டும் நடக்கும் பாதை இந்தப் பிரதேசத்தில் எங்கும் கிடையாது என்பதை நாங்கள் முதலிலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அவர் எங்கள் அலவாங்குகளில் ஒன்றைத் தூக்கி எடை பார்த்து, நல்ல இரும்பு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் பற்றை வெட்டினார்கள். உயிருள்ள மரம் எதையும் தறிக்கக்கூடாது என்று வன இலாகாவின் அனுமதிக் கடிதம் சொல்கிறது. பாதைக்குள் நீட்டிய சூரை முள்ளையும் நாயுண்ணிப் பற்றையையும் மாத்திரமே வெட்டினோம். கிளையைப் பாதியில் வெட்டி விடாமல் அது தோன்றும் கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். பாதியில் விட்ட குச்சி நடப்பவரின் கண் மட்டத்தில் ஈட்டியாக நிற்பதோடு, ஒரு துளிர் இருந்த இடத்தில் நாலு துளிரும் விடும்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

விடியற்காலையில் எழுந்து பார்க்க, பாதையில் ஆனை இலத்தி. உள்ளே இன்னும் சூடு இருந்தது. கூடாரத்திலிருந்து 200 மீட்டர் தூரத்தில் இரவு கடந்து போயிருக்கிறது, எவருக்கும் கேட்கவில்லை. அதன் காலடிகளைத் தொடர்ந்து பார்த்தால், நாங்கள் நேரே மேலேற்றியிருந்த இடத்தில் அது வளைந்து சுற்றி, சாய்வைக் குறைத்துக்கொண்டு ஏறியிருந்தது. சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கலாகாது என்று பாதை அமைப்போர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை மீறினால் நீர் பக்கத்தில் இறங்காமல் பாதையோடு ஓடிவிடும். ஆனை அந்தக் கணக்கை நான்கு தொன் எடையோடு கால்களால் அறிந்து வைத்திருக்கிறது. அடுத்த வருடம் அந்த இடத்தில் பாதையையே ஆனையின் வழிக்கு மாற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டு மணிவரை காத்திருந்து, வெயில் ஏறிய பிறகு, உரத்துப் பேசிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். பாதிக்கு மேல் மண் முடிந்து பாறை வருகிறது. கிழக்கிலங்கையின் அடித்தளமான, விஜயன் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் பழம்பாறை இது. சுற்றியிருந்த மென்மையான பகுதியெல்லாம் யுகக்கணக்கில் தேய்ந்துபோக, கடினமானது மட்டும் மிஞ்சி நிற்கிறது. பகலின் வெப்பத்திலும் இரவின் குளிரிலும் அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. கழன்ற ஏட்டின்மீது கால் வைத்தால் அது சட்டியைத் தட்டினாற்போல ஓசை தரும். அந்த ஓசை கேட்டால் காலை எடுத்துவிட வேண்டும்.

பாறையில் எங்களுக்கு முன்னர் வந்த எவரோ சிவப்பு மையில் அம்புக்குறிகள் தீட்டியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று நேராகச் செங்குத்து விளிம்பைக் காட்டிற்று. கம்பித் தூரிகையால் தேய்க்கலாமென்று எடுத்தோம். ஆனால் மையோடு பாறையில் ஒட்டியிருந்த பாசியும் உரிந்து வந்ததால், அந்தப் பிழையான குறியை மாத்திரம் அழித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டோம். இனி எதைக் கொண்டு வழி காட்டுவது என்பதில் குழுவுக்குள் வாக்குவாதம் மூண்டது. பாறையில் எதையுமே எழுதக்கூடாது என்பது என் கட்சி. எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர், மாலை மங்கும் நேரத்தில் வழி தவறியவருக்கு மட்டுமே குறியின் அருமை தெரியும் என்றார். அவர் ஒருமுறை அப்படித் தவறியவர். கடைசியில், மண் முடியும் இடத்திலுள்ள இரண்டு மரங்களில் ஆணி அடிக்காமல், தளர்வான கம்பியில் கட்டிய தகரத் துண்டுகளைத் தொங்கவிட்டோம். மரம் பருக்கப் பருக்கக் கம்பியைத் தளர்த்த எவராவது வர வேண்டும். இது எனக்குத் திருப்தியான முடிவல்ல, அவருக்கும் அல்ல.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைத் தாழ்வாரமொன்றில் பெருந்தேனீக் கூடு தொங்கியது. அதன் கீழே கறுப்புத் திரைபோலத் தேனீக்கள் அலையடித்துக்கொண்டிருந்தன. புகை, வாசனைத் திரவியம், உரத்த பேச்சு மூன்றும் அங்கே ஆபத்தானவை. கரடிக்குப் பயந்து சத்தமிட்டு வந்தவர்கள் தேனீக்குப் பயந்து வாய் பொத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம்.

சம்மாட்டியார் உச்சிக்கு வந்து சேரப் பத்தரை ஆயிற்று. 62 வயதில் அவர் ஏறியே தீருவேன் என்று வந்ததன் காரணத்தை அங்கேதான் சொன்னார். கடலில் மீன் நிற்கும் இடத்தை அடையாளம் வைப்பதற்கு, கரையிலுள்ள ஒன்றையும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடிப்பார்கள். வேறு திசையில் இன்னும் ஒரு கோடு பிடித்தால், இரண்டும் வெட்டும் புள்ளிதான் பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறை, இருக்கும் இடம். இப்போது ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. அதற்கு முன் அவருடைய தகப்பனாரும் அவரும் வானம் தெளிந்த காலைகளில் தூரத்துக் குறியாகப் பிடித்தது இந்தக் குடும்பியை. நாற்பது வருடம் பார்த்த மலையில் ஒருநாளாவது நிற்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார்.

"கடல்ல இருந்து பாக்கக்குள்ளதான் குடும்பி," என்றார் மூச்சு வாங்கியபடி. "மேல வந்தா வெறும் கல்லு."

அவர் கிழக்கே திரும்பி நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். மேற்கே மாதுறு ஓயாத் தேசியப் பூங்காவின் காடு கரும்பச்சையாகத் தெளிவாகத் தெரிந்தது, கிழக்கே வெயிற்புகை. வெகு நேரம் பார்த்ததில் ஓரிடத்தில் வெள்ளிக் கம்பிபோல ஒன்று மின்னியது. கடல்தான் என்றார் நானா. வாழைச்சேனை ஆறு என்றார் ஆசிரியை. இருவரும் சம்மாட்டியாரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் தீர்ப்புச் சொல்லாமல், கொண்டுவந்த பனங்கட்டியை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலையில் குப்பை பொறுக்கினோம். ஏறும் வழியிலும் மடுவின் கரையிலுமாகச் சேர்ந்தவை நான்கு உரப்பைகள். பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தல்களும் பிஸ்கட் உறைகளும், ஒரு பையில் முக்கால்வாசி சோற்றுப் பார்சல் தாள்கள். உணவு மணக்கும் தாளை ஆனையும் மாடும் தாளோடு சேர்த்தே விழுங்கும் என்பதால் அவற்றைத்தான் முதலில் பொறுக்கினோம். ஒரு கிழிந்த சப்பாத்தின் அடிப்பகுதி மட்டும் பாறையிடுக்கில் கிடந்தது. மற்றது எப்படி இறங்கிப் போனது என்று தெரியவில்லை.

விதானையார் ஐந்து கற்களையும் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இரவு பட்டி கடந்து போயிருந்தது; குளம்படிகள் கற்களின் மேலாகவே சென்றிருந்தன, எதுவும் சுற்றிப் போகவில்லை. முதல் பெருமழை பெய்த கிழமையிலேயே இருவராவது வந்து, வாய்களில் அடைந்திருக்கும் சருகை வழித்துவிட வேண்டும் என்றும், அதைச் செய்யாவிட்டால் நாங்கள் செய்த அத்தனையும் வீண் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். புலிபாய்ந்தகல்லில் தண்ணீர் ஏறிவிட்டால் எப்படி வருவது என்று கேட்டேன். தோணி இருக்கிறதே என்றார். அவரும் நானும் என்று பெயர் எழுதிக்கொண்டோம்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிரானில் இறங்கி வேலைக் கருவிகளை எண்ணியபோது அலவாங்கு மூன்றுதான் இருந்தது. நான்காவது, பக்கத்து வீட்டு மேசனிடம் நான் இரவல் வாங்கியது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம், சாக்குகளை உதறிப் பார்த்தோம். கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவர் யார் என்ற விசாரணை தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நடந்து, அது நானேதான் என்று முடிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தபோது பட்டிக்காரரின் அழைப்பு வந்தது. அலவாங்கு மூன்றாம் கல்லடியில் கிடந்ததாம். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம். வந்து எடுக்க அவசரப்பட வேண்டாம், மழைக்கு முன் பட்டி வேலிக்குப் பத்துக் கட்டை நட வேண்டியிருக்கிறது, அது முடியட்டும் தம்பி என்றார். மேசனுக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.